படம் சுமார்தான் என்றாள் ஜெனி

தென்காசியில் அந்தப் பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம் வெளியான மூன்றாம் நாள், இறந்து ஏழு மாதம் ஆகியிருந்த ஜெனி தியேட்டர் வாசலில் நின்று, படம் சுமார்தான் என்று மைக்கில் கருத்துச் சொன்னாள். அடக்கத்தின்போது கட்டிவிட்ட கல்யாணப் பட்டில் இருந்தாள். இடைவேளை வரைக்கும் விறுவிறுப்பு, அதற்குப் பிறகு இழுவை, பாட்டு தேவையே இல்லை, ஒருதடவை பார்க்கலாம் என்றாள். அவளுக்கு முன்னால் பேசியவன் ஆய்க்குடிக்காரன். பின்னால் பேசியது இலஞ்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களெல்லாம் உயிரோடு இருக்கிறார்கள்.

மைக்கைப் பிடித்திருந்தவன் பரீது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான். புதுப்படம் வந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததிலிருந்து தினமும் தியேட்டர் வாசலுக்குப் போய், வெளியே வருகிறவர்களிடம் படம் எப்படி என்று கேட்டு யூடியூபில் போடுவான். ஆய்க்குடிக்காரனுக்கும் இலஞ்சிக் குடும்பத்துக்கும் நடுவில் தான் யாரிடமும் பேசவில்லை என்று அவன் சத்தியம் செய்தான். நேரில் அவள் இல்லை, வீடியோவில் மட்டும் இருந்தாள். இதில் அவனுக்குக் குழப்பம் இருந்தது. பார்வைகள் ஏற ஏறக் குழப்பம் குறைந்தது. அந்த வாரமே வேறு சிலரையும் அடையாளம் கண்டார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டி, கடையம் ரோட்டில் புளியமரத்தில் மோதி இறந்த சுடலைமுத்து ஒருவன். மலையாளம் கலந்து பேசிய ஒருவரை யாருக்கும் தெரியவில்லை, செங்கோட்டைப் பக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊர் ஒருநாள் பயந்தது, மறுநாள் குறை சொல்ல ஆரம்பித்தது. சுடலைமுத்துவின் மனைவி முத்துசெல்வி வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு வர வழி தெரியல, தியேட்டருக்கு மட்டும் வழி தெரியுதாக்கும். உயிரோட இருக்கையிலயும் இந்த மனுசன் இப்படித்தான். கையில காசு இருந்தா தியேட்டரு, வயிறு பசிச்சா வீடு. இப்ப பசியும் இல்ல, அப்புறம் எதுக்கு வாராரு?" என்றாள். தியேட்டர் மேனேஜர் அய்யாத்துரைக்கு, இறந்தவர்கள் இடைவேளையில் ஒரு பப்ஸ்கூட வாங்குவதில்லை என்ற வருத்தம் இருந்தது. ஆனால் சுவரில் எச்சில் துப்புவதும் இல்லை என்பதால் பொறுத்துக்கொண்டார்.

படத்தைப் பற்றிய கருத்து இரண்டாகப் பிரிந்தது. முதல் பாகத்தில் நாயகன் சாவிடம் வேறொருவன் பெயரைச் சொல்லித் தப்பித்திருந்தான். இரண்டாம் பாகத்தில் சாவு திரும்பி வந்து, தப்பித்தவர்கள் எல்லோரிடமும் ஆதார் அட்டை கேட்கிறது. உயிரோடு இருப்பவர்கள் குலை நடுங்கிவிட்டது என்றார்கள். இறந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: சாவு இவ்வளவு மெனக்கெடாது. படத்தைப் படமாகப் பார்க்கத் தெரியாதவர்கள் வீட்டில் இருக்கலாமே என்று ரசிகர்கள் வீடியோவுக்குக் கீழே திட்டி எழுதினார்கள். இறந்தவர்கள் மறுநாளும் வந்தார்கள்.

ஜெனியின் கணவன் ஜெஸ்வின் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த நாட்கள், அறை ஒன்றும் காலியில்லை. வீடியோவைப் பற்றி அவனுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. பாவூர்சத்திரத்திலிருந்து மாமியார் ஞானபாக்கியம் போன் செய்து, "மாப்ள, நம்ம ஜெனி வந்திருக்கா. தியேட்டருல" என்று அழுதாள். அவன், எந்த ஷோ என்று கேட்டான். இந்த ஏழு மாதமாக அவன் எல்லாவற்றையும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அடக்கத்திலும் அழவில்லை, சவப்பெட்டிக்கு எத்தனை ஆணி என்று கேட்டான்.

ஜனவரியில் ஜெனி வீட்டில் தனியாக இருக்கும்போது தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துச் செத்துப்போனாள். அவன் அப்போது லாட்ஜில் ஒரு கல்யாணக் கோஷ்டிக்கு அறை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது அவர் வேறு எங்கோ பார்த்தார். அன்றிலிருந்து ஜெஸ்வினுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. வலித்ததா? அதைக் கேட்க ஆள் இல்லாததால் யாரிடமும் கேட்கவில்லை. இப்போது ஆள் இருந்தது.

லாட்ஜை ரூம்பாய் நாகராஜனிடம் விட்டுவிட்டு அவன் தினமும் மதியக் காட்சிக்குப் போனான். திரையைப் பார்க்கவில்லை. வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் திரும்பி வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தான். "யோவ், படம் முன்னால ஓடுது வே" என்று பின்னாலிருந்து அதட்டினார்கள். அவள் எங்கும் இல்லை. சாயங்காலம் வீடியோ வந்தால் அதில் இருந்தாள். திங்கட்கிழமை படம் சூப்பர் என்றாள். செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்றாள். புதன்கிழமை, கதையே புரியவில்லை என்றாள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒருவருக்குக் கருத்து கெட்டிப்படும். அவளுக்குக் கலைந்துகொண்டே போனது. அவள் சொல்வதில் தனக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடித்தேடி ஜெஸ்வினுக்கும் தலை கலங்கியது. கடைசியில் பரீதின் கடைக்குப் போனான். இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள்.

"அவகிட்ட ஒண்ணு கேக்கணும்லே."

"நீயே கேளேன்."

"எங்கன நிக்கான்னு தெரியலல்லா."

"எனக்கு மட்டும் தெரியுதாக்கும்? ரெண்டு ஆளுக்கு ஒருக்கா மைக்க சும்மா காத்துல நீட்டுதேன். யாரோ வந்து பேசிட்டுப் போறாங்க. என்ன கேக்கணும்?"

ஜெஸ்வின் சொன்னான். பரீது மைக் வயரைச் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். "அத அப்படியே கேக்க முடியாதுலே. அவங்க படத்தப் பத்தி மட்டுந்தான் பேசுதாங்க. சாகுத சீன்ல வலிய சரியா காட்டியிருக்கானான்னு வேணா கேக்கேன்" என்றான்.

மறுநாளிலிருந்து அதையே எல்லோரிடமும் கேட்டான். உயிரோடு இருப்பவர்கள், அப்படியே தத்ரூபம், தங்களுக்கே வலித்தது என்றார்கள். சுடலைமுத்து, "வலியா? எனக்கு லோடு என்ன ஆச்சோன்னுதான் இருந்துச்சு. பூரா தக்காளி" என்றான். செங்கோட்டைக்காரர் சிரித்தார். ஜெனி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த சீன நான் ஒழுங்காப் பாக்கலங்க. பக்கத்து சீட்டுல ஒரு அண்ணன், தெனமும் வாராரு. படமே பாக்க மாட்டாரு. திரும்பித் திரும்பி எல்லாரு மூஞ்சியையும் பாக்குதாரு. யாரையோ தொலைச்சிட்டாரு போல. பாவமா இருந்துச்சு. அவரையே பாத்துட்டு இருந்ததுல சீன் போயிட்டு."

மகள் வந்ததைக்கூடத் தாங்கிக்கொண்ட ஞானபாக்கியத்தால் இதைத் தாங்க முடியவில்லை. "ஏட்டி, கட்டுன மாப்பிள்ளையவா அண்ணன்னு சொல்லுத?" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். பிறகு மருமகனுக்குப் போன் செய்து மகளுக்காக மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை அத்தை என்றான் அவன். போகிறவர்கள் உறவுமுறைகளை இங்கேயே வைத்துவிட்டுப் போவார்களோ என்று அவள் சர்ச்சில் விசாரித்ததில், பாஸ்டர் அப்படியும் இருக்கலாம், படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கியதும் சொல்கிறேன் என்றார். ஜெஸ்வின் அந்தத் துண்டு வீடியோவைப் பலதடவை ஓட்டிப் பார்த்தான். இத்தனை நாளும் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கிறாள். எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமையோடு படத்தைத் தூக்கிவிடுவார்கள் என்றார்கள். அன்று மதியம் ஜெஸ்வின் போய் உட்கார்ந்தான். கூட்டம் இல்லை, இரண்டு பக்கமும் இருக்கைகள் மடங்கியே இருந்தன. விளக்கை அணைத்த பிறகு இடதுபக்க இருக்கை மெல்ல விரிந்து, விரிந்தபடியே நின்றது. அவன் திரும்பவில்லை. தான் திரும்பினால் அவளுக்கு மறுபடி காட்சி போய்விடும் என்று கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்தான். சாவு ஆதார் கேட்டது. நாயகி ஒரு பாட்டு முழுக்கத் துடித்துச் செத்தாள். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கழுத்து வலித்தது. அப்படியும் திரும்பவில்லை.

வெளியே சாரல் தென்காசி வரைக்கும் வந்திருந்தது. பரீது வழக்கம்போல மைக்கை நீட்டினான். ஜெஸ்வின் இதுவரை கருத்துச் சொன்னதில்லை. "படம் பரவால்ல. அந்தப் பொண்ணு சாகுத சீன்தான்... ரொம்ப வலிச்சிருக்கும். பக்கத்துல யாருமே இல்லல்லா" என்றான். பரீது மைக்கை அவனுக்கு இடப்பக்கம் காற்றில் நீட்டி, கை கடுக்கும்வரை பிடித்திருந்தான். பின்னால் நின்ற ஒருவன், "ஏலே, யாருக்கு மைக்கு புடிக்க, கொசுவுக்கா?" என்றான்.

வெள்ளிக்கிழமை வேறு படம் மாற்றினார்கள். அது குடும்பப் படம். இறந்தவர்கள் ஒருவர்கூட வரவில்லை. அதை வைத்தே படம் தேறாது என்று ஊர் முடிவுகட்டியது, அப்படியே தேறவும் இல்லை. அன்று காலையில் லாட்ஜ் கவுன்டரில் நின்றபடி ஜெஸ்வின் பரீதின் வியாழக்கிழமை வீடியோவைப் பார்த்தான். முதலில் அவனே வந்தான். அடுத்ததாக, அதே இடத்தில், சாரலில் நனையாமல் ஜெனி வந்தாள். அவளுக்குக் கோபமாக இருந்தது.

"இப்ப ஒரு அண்ணன் பேசிட்டுப் போனாருல்லா, அவரு சொல்லுதது சுத்தத் தப்பு. வலிச்சிருக்குமாம். செத்துப் பாத்தாராமா அவரு? நான் மூஞ்சி கழுவிட்டு நிமிந்தேன். துண்ட எங்கன வச்சேன்னு தேடுதேன். அம்புட்டுத்தான், முடிஞ்சிட்டு. ஒண்ணும் தெரியாம இவர மாதிரி ஆளுங்க எதையாவது பேசிப் பேசியே நல்ல படத்த ஓடவிடாம ஆக்கிருதாங்க."

அவன் இன்னொருமுறை ஓட்டிக் கேட்டான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஆமா, சொல்ல வந்துட்டா, பெரிய இவ" என்று சத்தமாகவே சொன்னான்.

விருதுநகரிலிருந்து குடும்பத்தோடு வந்து, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அறைக்காகக் காத்திருந்தவர் நிமிர்ந்து, "என்ன சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார், வீட்டுல" என்று சொல்லி ஜெஸ்வின் மாடி அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தான்.