ஒன்பதும் ஆறும்

யுத்த காலத்தில் மம்சாபுரத்தில் காலரா கண்டிருந்தது. ஊசிக்குப் பயந்து ஒளிந்துகொண்டவர்களைத் தேடி, ஊசி போடும் தேவஇரக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மறுபடியும் சைக்கிள் மிதித்து வந்தார். ஊர்ப் பெரியவர் தவசிமுத்து வழியை மறித்தார்.

“செத்தது பதினஞ்சு பேரு. ஒம்பது பேரு ஒம்ம ஊசி போட்டவிய. போடாதவிய ஆறு பேருதான். ஊசிதான்யா கொல்லுது. போயிரும்.”

தேவஇரக்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்ணில் குச்சியால் நான்கு கட்டம் கீறி எண்களை எழுதினார்.

“பொணத்த மட்டும் எண்ணாதீரும். பொழச்சவியளையும் சேத்துப் பாரும். ஊசி போட்டவிய தொள்ளாயிரம் பேரு, அதுல செத்தது ஒம்பது. நூத்துக்கு ஒண்ணு. போடாதவிய மொத்தமே முப்பது பேரு, அதுல ஆறு போச்சு. அஞ்சுக்கு ஒண்ணு! எதுய்யா கூட?”

“எழவு விழுந்த ஊர்ல உசுரோட இருக்கவன எதுக்குய்யா எண்ணணும்?” என்று கட்டங்களைக் காலால் அழித்தார் தவசிமுத்து. ஆறைவிட ஒன்பது பெரிது. அதற்குமேல் கணக்கு அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பத்தாம் நாள் அவரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்து வந்தார்.

“ஊசி போட வாரும்யா. போடாதவியள்ல இன்னும் நாலு பேரு போயிட்டாவ. அங்க ஒம்பது, இங்க பத்து. இப்ப போடாதவியதான் கூட.”

அதே தப்புக் கணக்கு. விடை மட்டும் சரியாகிவிட்டது. அதற்கு நாலு பாடை கட்ட வேண்டியிருந்தது. தேவஇரக்கம் வெறுப்போடு நோட்டை விரித்தார்.

“பத்தாவது ஆளு யாரு?”

“எம் மவ அழகுத்தாய்” என்றார் தவசிமுத்து.