இரண்டு கையால் வாங்கியது

நான் சின்னவன். வயது இருபத்து மூன்று. இப்போது இருக்கும் இடம், நான் வேலை பார்க்கும் கடை வளாகத்தில் வாளியும் துடைப்பமும் வைக்கிற அறை. கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அம்மா, அக்கா, அப்புறம் அக்காவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையின் பெரியப்பா, மூன்று பேரும் படிக்க வேண்டும். பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

ஊரில் போன் போனாகச் சுற்றுகிற அந்த வீடியோவில் இருப்பது நான்தான். ஆனால் நான் பிச்சை எடுக்கவில்லை.

என் வேலை என்னவென்று உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. மெயின்டனன்ஸ் என்று சொல்லி வைத்தேன். தரை துடைப்பேன், கழிப்பறை கழுவுவேன். இன்னொன்றும் உண்டு. காலையில் கடை திறக்கும் முன் வாசல் படிகளில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். படி ஈரமாக இருந்தால் பிச்சைக்காரர்கள் உட்கார மாட்டார்கள். சூப்பர்வைசர் கண்டுபிடித்த வித்தை.

அதற்கு எனக்கு ஒருநாளும் கை கூசியதில்லை. அங்கே உட்காருகிற ஒருவருக்கு நான் வைத்த பெயர் ஜமீன். ஐம்பது வயது இருக்கும். கையும் காலும் கல் மாதிரி. முன்னால் ஒரு டப்பாவை வைத்துவிட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எடை போட்டுக்கொண்டிருப்பார். இங்கே ஒருவன் முதுகு ஒடியக் குனிகிறான், அவருக்கு உட்கார்ந்த இடத்தில் சோறு.

"என்ன ஜமீன், இன்னிக்கு தர்பார் எத்தனை மணிக்கு?" என்பேன்.

"நீ ஊத்துன தண்ணி காஞ்சதும்" என்பார்.

போன வியாழக்கிழமை இடைவேளையில் பின்பக்கப் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். ப்ளீச் பட்டுச் சாயம் போன பேன்ட், நனைந்த சட்டை. நாலு படி தள்ளி ஜமீன். குச்சியில் போனை மாட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். முகத்தில் தேன் வழிகிறது. என்னிடம் ஒரு பையை நீட்டினான். வளாகத்தில் புதுக்கடை திறந்தால் சோப்பு, பிஸ்கட் என்று சும்மா கொடுப்பார்கள். அப்படித்தான் என்று நினைத்தேன். அம்மா, நீ வளர்த்த வளர்ப்பு! எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, தலையைக் கொஞ்சம் குனிந்து வாங்கினேன். அவனுக்கு வேறென்ன வேண்டும்?

"கவலைப்படாதீங்க தம்பி, உங்களுக்கும் ஒரு காலம் வரும்" என்று என் தலையைத் தடவினான். கண் கலங்கியது அவனுக்கு. கலங்கிய கண்ணை போன் பக்கம் திருப்பிக் காட்டவும் மறக்கவில்லை.

அடுத்து ஜமீனிடம் போனான். ஜமீன் பையைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார்.

"அதைக் கீழ வச்சிட்டுக் குடு, வாங்கிக்கறேன்."

"ஐயா, பாக்குற நாலு பேருக்கும் உதவணும்னு தோணும்ல..."

"தோணட்டும். அதுக்கு என் மூஞ்சி எதுக்கு?" என்று துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவன் பையைக் கொடுக்காமலே நடையைக் கட்டினான். யாரும் பார்க்காத தர்மம் அவனுக்குச் செரிக்காது போல. என் பையைப் பிரித்தேன். ஒரு ஜோடி காலுறை, ஒரு வாழைப்பழம். பழம் கறுத்திருந்தது.

"பையன் அங்க கையேந்துறான், இந்த வீட்டுலயா பொண்ணு எடுக்கணும்?" என்று கேட்டு நிச்சயத்தை நிறுத்தி வைத்திருக்கிறீர்களாம், பெரியப்பா. பெண் பார்க்க வந்த அன்றே, "தம்பி வெளியூர்ல சம்பாதிக்கிறானே, எங்க பேரனுக்கு ஒரு நல்ல போன் அனுப்பச் சொல்லுங்க" என்று அம்மாவிடம் கேட்டவர் நீங்கள். அதற்கு என்ன பெயர் என்று அன்று நாங்கள் கேட்கவில்லை.

"யாராவது சாட்சி இருந்தா பேசச் சொல்லுடா" என்று அம்மா நேற்று அழுதாள். இருந்த ஒரே சாட்சி ஜமீன். இன்று காலை வாளியும் கையுமாக அவர்முன் போய் நின்றேன்.

"போன்ல ரெண்டு வார்த்தை சொல்லணும். நான் உங்க கூட்டம் இல்லன்னு."

ஜமீன் சிரித்தார். "சொல்லிட்டாப் போச்சு. இந்தப் பையன் எங்க ஆளு இல்ல, தினமும் எங்களைத் தண்ணி ஊத்தி வெரட்டுறவன், நல்ல குடும்பத்துப் பையன். போதுமா?"

வாளியைக் கீழே வைத்தேன். "பதிவு பண்ணவா?"

"வேணாம். குரலை வச்சே என் மக கண்டுபிடிச்சிருவா. அப்பன் எங்கயோ வாட்ச்மேனா இருக்கான்னு நெனச்சிட்டிருக்கா, பாவம்."

அவர்மேல் எனக்குப் புதிதாக மரியாதை ஒன்றும் முளைத்துவிடவில்லை. சோம்பேறி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இன்றும் தண்ணீர் ஊற்றத்தான் செய்தேன், ஊற்றாவிட்டால் என் வேலை போய்விடும். ஆனால் அவர் வீட்டுக்கு அவர் வாட்ச்மேன், என் வீட்டுக்கு நான் மெயின்டனன்ஸ். இந்த அறைக்கு வந்து வீடியோவை மறுபடி பார்த்தேன். துண்டு ஏறுவதற்கு முன்னால், மூலையில் அவர் முகம் ஒரு நொடி தெரிகிறது. முழு முகம்.

அக்கா, எனக்குச் சாட்சி கிடையாது. தம்பி கக்கூஸ் கழுவுகிறான் என்று அவர்களிடம் நீயே சொல். அதற்குப் பிறகும் அந்த வீடு வேண்டுமா என்பதையும் நீயே முடிவு செய்.

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், அந்த வீடியோவை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள்.