தயாவதிக்கு எழுதிய கடிதங்கள்

அந்த வார இதழைத் திருப்பருத்திக்குன்றத்தில் காசு கொடுத்து வாங்குகிறவர் தர்மதாஸ் நயினார் ஒருவர்தான். ஊர்ச் சமணர்களின் ஜினாலயத்துக் காரியங்களைப் பார்ப்பவர். அவர் படித்து முடித்தால் ஊரே வாங்கிப் படிக்கும். அன்றைக்கு அவரே தயாவதியின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே வரவில்லை.

"படிச்சுப் பாரும்மா. சந்திரநாதன் வந்தா என்னை வந்து பாக்கச் சொல்லு. திருவிழாவுல அபிஷேகக் குடம் அவன் எடுக்க வேணாம்."

தயாவதி நின்றபடியே பிரித்தாள். 'பிரெஞ்சு தேசத்துக் கிண்ணங்கள்', ஆறாம் வாரம். எழுதியவர் சின்ன காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி வரதராஜன். அவளுடைய கணவன் சந்திரநாதனின் முதலாளி.

அறுபத்தொன்பதாம் வருஷம் புரட்டாசியில் வரதராஜன் பட்டு விற்க பிரான்சுக்குப் போனார். புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் படித்து பிரெஞ்சு பேசத் தெரிந்திருந்த சந்திரநாதனைத் துணைக்குக் கூட்டிப் போனார். போன இடத்தில் ஊர் ஊராக மதுவையும் சாப்பாட்டையும் ருசி பார்த்து எழுத வேண்டுமென்று அவருக்கு ஆசை. இங்கே மதுவிலக்கு அமலில் இருந்த காலம். குடியைப் பற்றிப் படிக்கவாவது செய்யலாம் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள்.

நடுப்பக்கத்தில் இப்படி இருந்தது: 'என்னோடு வந்த சமண வாலிபர் முதல் கிண்ணத்துக்கு முகம் சுளித்தார். மூன்றாவது கிண்ணத்துக்கு மாதா கோயில் வாசலில் ஆடினார்.'

சூரியன் சாய்ந்துவிட்டால் சாப்பாட்டையே தொடாதவன் சந்திரநாதன். அந்த ஊர்ப் பாலாடைக்கட்டியில் பாலைத் திரைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததைச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அதையும் விட்டுவிட்டு, ரொட்டியும் திராட்சையும் சுட்ட கொட்டைகளுமாக இரண்டு மாதத்தை ஓட்டினவன்.

அடுத்த பத்தியை இரண்டு தரம் படித்தாள். 'அந்தப் பழைய சிவப்பு மதுவை மூக்கருகே கொண்டுபோனால், தலைக்குக் குளித்துவிட்டுச் சாம்பிராணிப் புகையில் உலர்த்திய கூந்தலின் வாசம் வருகிறது.'

இந்த வரியை அவள் முன்பே படித்திருந்தாள். நீலநிற விமானத் தபாலில், சந்திரநாதனின் சாய்ந்த கையெழுத்தில். 'தயா, குடிக்கவில்லை, மோந்துதான் பார்த்தேன். உன் கூந்தல் வாசம் வந்தது' என்று எழுதியிருந்தான். மொத்தம் பதினோரு கடிதங்கள். பாதாள அறைகளில் பீப்பாய் உருட்டுகிறவர்கள் சொன்னது, செப்பு அண்டாவில் மதுவைக் காய்ச்சி வடிப்பது, அதன் ஆவி படிந்து கருத்துப்போன ஓட்டுக் கூரைகள், வால்நட் போட்ட ரொட்டி எல்லாம் அவற்றில் இருந்தன. போய்ப் பார்த்ததும் கேட்டு எழுதியதும் அவன்தான். முதலாளிக்குப் போன மூன்றாம் நாளே வயிறு கெட்டுப்போயிற்று. கடைகளைப் பார்த்த நேரம் போக ஓட்டல் அறையில் படுத்துக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியைச் சாதத்தில் போட்டுத்தான் சாப்பிட்டார்.

ஊர் திரும்பியதும், "தேதியெல்லாம் மறந்துபோச்சு, அந்த லெட்டருங்களக் குடுப்பா" என்று கேட்டார். சந்திரநாதன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் திறந்து எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டான்.

மாலையில் அவன் வந்ததும் இதழை அவன் முன்னால் போட்டாள்.

"பாத்தேன்," என்றான். "கடையில எல்லாரும் படிச்சு சிரிச்சுக்கினு இருந்தாங்க."

"நீங்க?"

"நான் என்ன பண்றது தயா? பெரிய மனுஷன். தமாஷுக்கு எழுதிட்டேன்னு சொல்றாரு."

"தமாஷா? நீங்க எனக்கு எழுதினத அம்பட்டன் கடையில கண்டவனும் உக்காந்து படிக்கிறான். என் முடியப் பத்தி படிக்கிறான். அது உங்களுக்கு தமாஷா இருக்குதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு முதலாளி மேலிருந்த கோபத்தைவிட அவன் மேல் கோபம் கூடியது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனாள். கடையில் கல்யாண வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து கூறைப்புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்கள் நடுவிலேயே ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். மூலையில் நின்ற சந்திரநாதனை அவள் பார்க்கவில்லை.

"வாம்மா," என்றார் வரதராஜன். "புடவை எடுக்கணுமா?"

"என் லெட்டருங்களக் குடுங்க."

"அது பத்திரிகை ஆபீஸ்ல இருக்குதும்மா. வந்ததும் அனுப்பறேன்."

"வரட்டும். நான் இங்கியே இருக்கறேன்."

வரதராஜன் சிரித்தார். கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார். தயாவதி குரலை உயர்த்தாமல் சொன்னாள். "இவரு பிரான்சு தேசத்துல குடிச்ச கதைய நீங்களும் படிச்சிருப்பீங்க. இவரு குடிக்கல. வயித்துப்போக்குல படுத்துக்கினு பருப்புப்பொடி சாதம் சாப்பிட்டாரு. எல்லாத்தையும் பாத்துட்டு வந்து எனக்கு எழுதினது என் வீட்டுக்காரரு. அதத் தன் பேர்ல போட்டுக்கினு, எழுதினவரக் குடிகாரன்னு வேற எழுதியிருக்காரு. எங்க கோயில்ல அவர் குடத்தத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

வாயில் வெற்றிலையோடு இருந்த ஒரு அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். வரதராஜனின் முகம் கருத்தது. "சந்திரநாதா, உன் சம்சாரத்தக் கூட்டிக்கினு போ."

சந்திரநாதன் மூலையை விட்டு வந்தான். அவன் தன் கையைப் பிடித்து இழுக்கப்போகிறான் என்றே அவள் நினைத்தாள். அவன் அவளுக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். "அவ சொல்றது நெஜம் முதலாளி," என்றான். "லெட்டருங்க மாடி பீரோவுலதான் இருக்குது. குடுத்துடுங்க."

பெரியவர் கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தார். அதைப் பார்த்ததும் வரதராஜன் தானே மாடிக்குப் போய்க் கடிதக் கட்டைக் கொண்டுவந்து போட்டார். தயாவதி எழுந்திருக்கவில்லை. சந்திரநாதன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று அவர் கைப்பட எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுந்தாள். சந்திரநாதனின் வேலை அந்த நிமிஷமே போயிற்று.

அந்தக் காகிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து, தலைவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரி வந்தது. ஆறாம் பகுதியில் நகைச்சுவைக்காகச் சேர்த்த சம்பவம் உண்மையல்ல என்று இருந்தது. கடிதங்களைப் பற்றி ஒன்றுமில்லை. தொடர் நிற்கவும் இல்லை. தர்மதாஸ் நயினாருக்கு அந்த இரண்டு வரியே போதுமாயிருந்தது. "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா," என்று சொல்லிக் குடத்துக்குச் சந்திரநாதனைக் கூப்பிட்டார். சந்திரநாதன் போனான். தயாவதி அந்த வருஷம் திருவிழாவுக்குப் போகவில்லை.

கடிதங்களை அவள் பிரித்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் சிவப்புப் பென்சில் ஓடியிருந்தது. 'தயா' என்று வந்த இடமெல்லாம் அடித்திருந்தது. பென்சில் கோட்டை அழித்துப் பார்த்தாள். மசி கலைந்து தாள்தான் நைந்தது.

சந்திரநாதன் வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். மாசி மாதத்தில் ஒரு நாள், தன் பெயரிலேயே எழுதி வேறொரு பத்திரிகைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான். "அந்த லெட்டருங்கள ஒரு வாரம் குடு தயா. பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"குடுக்க மாட்டேன்."

"நான் எழுதினதுதானே?"

"எனக்கு எழுதினது. எழுதணும்னா தலையில இருக்கறத வெச்சு எழுதுங்க. என் முடி அதுல வரக்கூடாது."

அவன் விளக்கடியில் உட்கார்ந்து ஒரு நோட்டைத் திறந்தான். அவள் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.