மாடசாமி வண்டி

“ரொம்பக் கஷ்டப்பட்ட வண்டி தம்பி. அதை மட்டும் மறைக்க மாட்டேன்,” என்றார் அஸீஸ் நானா.

லுணுகலை டவுனில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருந்தது அவருடைய கராஜ். கிருஷ்ணராஜ் அந்த மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான். பதினாறு வயதில் கொழும்புக்குப் போய்ப் புடவைக் கடையில் நின்றவன். புடவையென்றால் முந்தானையை விரலால் உரசியே தரம் சொல்வான். வண்டியைப் பொறுத்தவரை கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். முன் மட்கார்டைக் காணோம். கால் வைக்கிற கம்பி வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்திருந்தது. சீட்டுக்குத் தார்ப்பாயில் உறை தைத்துப் போட்டிருந்தது.

“யாரு நானா வச்சிருந்தது?”

“மாடசாமி அண்ணன். தோட்டத்து ஆளுதான். முட்டி தேஞ்சு போச்சு. இப்ப மொனராகலையில மக வீட்டுல இருக்காரு.”

“என்ன வேலை பார்த்தாரு?”

“தோட்டம் தோட்டமாச் சேதி கொண்டு போவாரு.”

“தபால் மாதிரியா?”

அஸீஸ் நானா எண்ணெய்க் கையைப் பழைய பனியனில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். “சேதின்னா சேதிதான். மழை வெயில் பார்க்க மாட்டாரு, கூப்பிட்ட நேரம் கிளம்பிருவாரு. நடுவழியில இது அவரை விட்டதே இல்ல. நீங்க எதுக்கு வாங்குறீங்க?”

“தங்கச்சிக்குக் கல்யாணம் நானா. அப்பா இல்ல. சொந்தக்காரங்களுக்கெல்லாம் நான்தான் போய்ச் சொல்லணும்.”

“கல்யாணமா,” என்றார் நானா. கொஞ்ச நேரம் சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணு செய்யுங்க. பதுளையிலருந்து வேற சைலன்சர் எடுப்பிக்கிறேன். ரெண்டு நாள் பொறுத்துக்கங்க.”

“பொறுக்க எங்க நேரம்? ஓடுதுல்ல, போதும்.”

“ஓடும். அதெல்லாம் ஓடும்,” என்று நானா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

மலையகத்தில் கல்யாணத்துக்குப் போனில் சொன்னால் ஒரு சனம் வராது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாசல் ஏறிப் போய், முதலில் தாய்மாமனிடம் சொல்லி, அப்புறம்தான் மற்றவர்களிடம் போக வேண்டும். அதனால் கிருஷ்ணராஜ் வீட்டுக்குக் கூடப் போகாமல், டவுனிலேயே வெற்றிலை வாங்கிப் பையில் தட்டோடு வைத்துக்கொண்டு, நேரே மாமா இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வண்டியை விட்டான். வண்டி ஏற்றத்தில் மூன்று முறை இருமும், பிறகு தொண்டையைச் செருமுவது போல ஓர் இழுப்பு இழுக்கும். அவனுக்கு அது சிரிப்பாக இருந்தது.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அந்தச் சத்தத்தில் ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்தார்கள். ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தாள். கிருஷ்ணராஜ் கையை ஆட்டினான். ஒருவரும் திருப்பி ஆட்டவில்லை.

லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் வண்டி நிற்பதற்குள் மாமா வாசலுக்கு வந்துவிட்டார். வா என்று சொல்லவில்லை.

“யாரு?” என்றார்.

“நான்தான் மாமா, கிருஷ்ணராஜ்.”

“நீன்னு தெரியுது மாப்ளே. யாருன்னு சொல்லு.”

“உள்ள வந்து சொல்றேனே மாமா.”

“உள்ள வேணாம். அங்கேயே நின்னு சொல்லு. எந்த வீடு?”

“எந்த வீடா? நம்ம வீடுதான். ஜெயந்தினிக்கு...”

அத்தை எப்போது வெளியே வந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. “அடி என் ராசாத்தி, பந்தக்கால் நடுற நேரத்துலயா போவ,” என்று மாரில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டிக் கொடுத்துப் புருஷன் வீட்டுக்குப் போகிற பெண்ணை நினைத்து அழுகிறாள் என்று கிருஷ்ணராஜ் எடுத்துக்கொண்டான். “அதுக்கு ஏன் அத்தே அழுறீங்க? கல்யாணம் சொல்லத்தான் வந்தேன்,” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

“சிரிக்கிறான் பாருங்க. கல்யாணம்ங்கிறான். புள்ளைக்குப் பித்துப் புடிச்சிருச்சு,” என்று அத்தை இன்னும் உரக்க அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

மாமா அவன் தோளைப் பிடித்தார். “நீ ஒண்ணும் பேசாத. ஒன்னைப் போயி தனியா அனுப்பியிருக்காங்களே, அவங்களைச் சொல்லணும். நேரா வீட்டுக்குப் போ. நாங்க லொறியைப் புடிச்சுப் பின்னாலயே வர்றோம்.”

“இன்னைக்கேவா? கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கே மாமா.”

“போப்பா. போ,” என்றார் மாமா. அவர் கண்ணிலும் தண்ணீர்.

ஒரு பிளேன்டீ கூட இல்லை. பையிலிருந்த தட்டு பையிலேயே இருந்தது. திருப்பத்தில் கண்ணாடியில் பார்த்தான். அவன் நின்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நிச்சயத்துக்கு மாமாவைச் சரியாகக் கூப்பிடாமல் விட்டோமோ? கூப்பிட்டோமே, அவர்தானே முன்னால் உட்கார்ந்து தட்டு மாற்றினார். பின்னே ஏன் வாசலைக் கழுவுகிறார்கள்?

அடுத்த தோட்டத்து எல்லையில் ஒரு கங்காணி நடு ரோட்டில் வந்து நின்று கையை நீட்டி மறித்தார். அவருக்குப் பின்னால் கூடையோடு நாலைந்து பெண்கள்.

“எந்த வீடு தம்பி?”

கிருஷ்ணராஜ் அம்மா பேரைச் சொன்னான். கங்காணி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நம்ம ரெங்கம்மா வீடா? கொழுந்தை நிறுத்துப் போட்டுட்டுப் போறவங்க போங்கம்மா,” என்றார்.

வெற்றிலையை எடுத்து நீட்டப்போனான். பெண்கள் எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள்.

“மாடசாமி அண்ணன் எங்க?” என்று ஒருத்தி தூரத்திலிருந்தே கேட்டாள்.

“மொனராகலைக்குப் போயிட்டாரு. வண்டி இப்ப என்கிட்டத்தான்.”

“பாவம், சின்ன வயசுலயே இந்த வேலைக்கு வந்துட்டீங்களே. படிச்ச முகமா இருக்கு, வேற வேலை கிடைக்கலையா?”

கிருஷ்ணராஜ் வெற்றிலையைத் திரும்பப் பைக்குள் வைத்தான். தங்கச்சி கல்யாணத்துக்குச் சொல்வது ஒரு வேலையா? கொழும்பில் இருந்த காலத்தில் ஊரில் வழக்கமே மாறிவிட்டதோ? யாரிடம் கேட்பது? எதைக் கேட்பது? மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் விளங்கும் என்று நினைத்தான். விளங்கத்தான் செய்தது.

மாப்பிள்ளை துஷாந்தின் தாய் விஜயலெட்சுமி, வண்டி மூன்றாவது இருமல் இருமும்போதே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அவனைப் பார்த்ததும் முந்தானையை எடுத்தாள். வண்டியைப் பார்த்ததும் மறுபடி வைத்துக்கொண்டாள்.

“இதுல ஏறியா வந்தீங்க தம்பி?”

“ஏங்கம்மா? இன்னைக்குத்தான் வாங்கினேன். இதுல என்ன இருக்கு? எல்லாரும் என்னைப் பேயைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறாங்க.”

“எங்கப்பா போனப்ப இந்த வண்டிதான் வந்துச்சு. எங்க அக்கா போனப்ப இதேதான். எங்க மாமியாருக்கு, மழை கொட்டுது, மாடசாமி அண்ணன் நனைஞ்சுக்கிட்டு இப்ப நீங்க நிக்கிற இதே எடத்துலதான் நின்னாரு. இது எழவு சொல்ற வண்டி தம்பி.”

கிருஷ்ணராஜ் வண்டியைப் பார்த்தான். அது ஒன்றும் அறியாதது போலச் சாய்ந்து நின்றது.

எத்தனை போன் வந்தாலும் அந்தத் தோட்டங்களில் சாவை ஆள் வந்துதான் சொல்ல வேண்டும். சிக்னல் கிடைக்காத பள்ளங்கள் வேறு. அந்த ஆள் மாடசாமிதான். அவரை உள்ளே கூப்பிட மாட்டார்கள். தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். யாரு, எந்த வீடு என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு, அவர் போன பிறகு நின்ற இடத்தைக் கழுவிவிட்டு, எழவு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இருமல் சத்தம் கேட்டாலே பாதி அழுகை தொடங்கிவிடும்.

“எனக்குச் சத்தியமாத் தெரியாதும்மா.”

“தெரியாமத்தான் வந்தீங்க. ஆனா வந்துட்டீங்களே. எங்க வீட்டுல நடக்கப்போற மொத நல்ல காரியம். தட்டு வர வேண்டிய வாசலுக்கு இது வந்து நிக்குது.” அவள் குரல் தாழ்ந்தது. “தட்டை இப்ப நான் வாங்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. கல்யாணம் வைக்கலாமா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றேன்னு அம்மாகிட்டச் சொல்லிருங்க.”

அவன் திரும்பி வந்த வழியை எப்படிச் சொல்வது? வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிடலாம் என்று தோன்றியது. தள்ளிவிட்டு வீட்டுக்கு எப்படிப் போவது? இறக்கத்தில் எஞ்சினை அணைத்துச் சத்தமில்லாமல் உருட்டிப் பார்த்தான். சத்தம் நின்ற இடத்திலிருந்த லயமே வாசலுக்கு வந்துவிட்டது. “நிறுத்திட்டானே, நம்ம வீட்டுக்கா?” என்று ஒரு கிழவர் நடுங்கினார். “ஒங்களுக்கு இல்லைங்கய்யா,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஸ்டார்ட் செய்தான். கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கல்யாணம் நின்றுபோனால் அம்மாவிடம் என்ன சொல்வான்? ஜெயந்தினியிடம்? பஸ் பிடித்துப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவனுக்குத்தான் பெரிய மனுஷன் மாதிரி வண்டியில் போய் இறங்க ஆசை.

வீட்டுக்கு முன்னால் லொறி நின்றது. முற்றம் முழுக்கச் சனம். வேலியில் வெள்ளைப் பூமாலைகள் தொங்கின. தப்படிக்கிறவர்கள் தோலைக் காய்ச்சத் தீ மூட்டிவிட்டு, அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் குந்தியிருந்தார்கள். நடுவில் அத்தை ஜெயந்தினியைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தடவித் தடவி அழுதாள். பெண் உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகும் அழுகை நிற்கவில்லை.

“வா அண்ணே,” என்றாள் ஜெயந்தினி. “என்னைத் தூக்கிட்டுப் போக வந்திருக்காங்க. ஒனக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்.”

“ஏன்டா, என்னதான்டா சொன்னே?” என்றாள் ரெங்கம்மா. அவள் கையில் அடுப்பூதுகிற குழல் அப்படியே இருந்தது.

“கல்யாணம்னுதாம்மா சொன்னேன். வண்டி வேற சொல்லிருச்சு.”

மாமா வண்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். விஷயம் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய், கடைசியில் தப்படிக்கிறவர்களிடம் வந்தபோது அவர்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

“செத்துட்டான்னு பொய்ச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க. என் தங்கம் நூறு வயசு இருப்பா,” என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

“இருந்து என்ன பண்றது அத்தே,” என்றான் கிருஷ்ணராஜ். விஜயலெட்சுமி சொன்னதை எல்லார் முன்னாலும் சொன்னான். சிரிப்பு அடங்கிவிட்டது. ரெங்கம்மா குழலைக் கீழே வைத்தாள். ஜெயந்தினி உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்ற ஆரம்பித்தாள். வந்தவர்களுக்கு எதையாவது கொடுக்க வேண்டுமே.

அப்போதுதான் கீழே ஓர் ஓட்டோ வந்து நின்றது. விஜயலெட்சுமி செருப்பில்லாமல் படியேறி வந்தாள். மாமாவின் லொறி அவள் தோட்டத்து வழியாகத்தான் வந்திருந்தது. “ஒங்க மருமக போயிட்டா” என்று லொறியிலிருந்து யாரோ கத்தியது, கிருஷ்ணராஜ் கிளம்பிய பிறகுதான் ஆள் மாறி ஆள் வந்து அவள் காதில் விழுந்தது.

“இப்பத்தானே அந்தத் தம்பி தட்டோட வந்து நின்னுச்சு. அதுக்குள்ள என்னா ஆச்சு? நான்தான் வாசல்ல நின்னு வேணாத சொல்லு சொல்லிட்டேன். என் நாக்குதான் புள்ளையைத் தின்னுருச்சு,” என்று புலம்பிக்கொண்டே கூட்டத்தை விலக்கினாள்.

ஜெயந்தினி தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்து, “டீ எடுங்க அத்தை. சீனி போட்டிருக்கு,” என்றாள்.

விஜயலெட்சுமி டீயை எடுக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள், சூடாக இருக்கிறதா என்பது போல. பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் அந்தக் கையை விடவே இல்லை.

“வர வேண்டிய அழுகையெல்லாம் இன்னைக்கே வந்துட்டுப் போயிருச்சு,” என்றாள் கடைசியில். “தட்டு எங்க?”

கிருஷ்ணராஜ் பையிலிருந்து எடுத்து மாமாவிடம் கொடுத்தான். வெற்றிலை வாடியிருந்தது. அத்தை முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, மாமாவோடு நின்று தட்டை நீட்டினாள். முதலில் விஜயலெட்சுமி வாங்கினாள். பிறகு எழவுக்கு வந்த அத்தனை பேரும் வரிசையாகக் கல்யாணத்துக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு லொறியில் ஏறினார்கள். வேலியில் தொங்கிய மாலைகளை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஓட்டோ வேறு சவாரி கிடைத்துப் போய்விட்டிருந்தது. விஜயலெட்சுமி வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

“இதுல ஏற ஒங்களுக்குப் பயமா இல்லையாம்மா?” என்று கேட்டான் கிருஷ்ணராஜ்.

“பயமாத்தான் இருக்கு. எங்க தோட்டத்து வளைவுக்கு முன்னாலயே எறக்கி விட்டுருங்க, நடந்து போயிடறேன். இல்லாட்டி என் மவன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வந்துருவான்.”

வண்டி மூன்று முறை இருமிவிட்டுக் கிளம்பியது. இது நல்லபடியாக முடிந்ததா, இல்லை இன்னும் முடியவில்லையா என்று கிருஷ்ணராஜுக்கு அப்போதும் பிடிபடவில்லை. தோட்டத்தின் அடுத்த டிவிஷன் லயத்தில் ஒரு கிழவி வாசலுக்கு வந்து நின்றாள். பின் சீட்டிலிருந்து விஜயலெட்சுமி எட்டிச் சத்தமாகச் சொன்னாள்: “கல்யாணம் ஆத்தா, கல்யாணம்.”

“யாருக்கு?”

“ரெங்கம்மா மக ஜெயந்தினிக்கு.”

கிழவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “அடப்பாவமே,” என்றாள். “சின்னப்புள்ளையாச்சே.”