சிறுவிடைக் கோழியின் சாயங்காலம்

வெள்ளோடை என்கிற ஊரில் முட்டையை உடைத்தால் அதற்குள்ளிருந்து ஒரு பொழுது வெளியே வரும். எந்தப் பொழுது என்பதைக் கோழியின் இனம் தீர்மானிக்கும். அது எப்படிப்பட்ட பொழுது என்பதைத் தீவனம் தீர்மானிக்கும். வெள்ளை லெகார்ன் முட்டையில் காலை பத்து மணி இருக்கும். ஆபீஸ் வைத்திருப்பவர்கள் அதைத்தான் வாங்குவார்கள். கருங்கோழி முட்டையில் நடுச்சாமம். கழுத்தில் இறகு முளைக்காத கோழியின் முட்டையில் உச்சிவெயில்.

பூங்கோதைக்கு ஒரு சாயங்காலம் தேவைப்பட்டது.

அவள் கணவன் சென்னியப்பன் நூற்பு மில்லில் பதினோரு வருடமாகச் சாயங்காலம் நாலு மணி ஷிப்ட் பார்த்தான். அவன் வெளியே வரும்போது பொழுது எப்போதோ சாய்ந்திருக்கும். விடுமுறை நாளிலும் நாலு மணியானால் கால்கள் பழக்கத்தில் மில்லுக்குக் கிளம்பிவிடும். வேறு வழியில்லாமல் அவனும் கூடப் போவான். இப்படிச் சாயங்காலத்தையே பார்க்காததால், நாள் முடிந்துவிட்டது என்கிற செய்தி அவன் உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று மாதமாகத் தூக்கமே இல்லை. சாப்பிடும்போது கை வாய்க்குப் போக மறந்து பாதியில் நின்றுவிடும்.

ஆஸ்பத்திரியில் சீட்டில் ஒரே வரி எழுதித் தந்தார்கள்: "சாயங்காலம், முழுசாக ஒன்று."

பூங்கோதை முதலில் கடையில் வாங்கிய முட்டையைத்தான் உடைத்தாள். கூண்டில் வளர்ந்து மூட்டைத் தீவனம் தின்ற ஏதோ ஒரு கோழி இட்டது. தண்ணீராய் ஓடியது. சுவரில் லேசாக மஞ்சள் படிந்தது, எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்தது, நாலு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துபோனது. சென்னியப்பன் அப்போதுதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான்.

முட்டை ஓட்டை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டர் சலோமி அதை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள்.

"கலப்பினம்க்கா. சாயங்காலத்துல பாதி மத்தியானம் கலந்திருக்கு. சிறுவிடைன்னு நாட்டுக்கோழி இருக்கு, அதை வாங்குங்க, அது முட்டையிலதான் அசல் சாயங்காலம்."

"தீவனம் என்ன போடறதுங்க, டாக்டரம்மா?"

"எந்த மாதிரிச் சாயங்காலம் வேணும் உங்களுக்கு?"

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"அவரு பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி" என்றாள்.

சலோமி கம்பு, முருங்கைக்கீரை, கிளிஞ்சல் தூள் என்று எழுதிக் கொடுத்தாள். "மத்ததை நீங்களே போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். தீவனம் மாத்தினா பத்து நாள்ல மஞ்சக்கருவுல தெரிஞ்சிரும்."

சந்தையில் முட்டையிடும் பருவத்தில் ஒரு சிறுவிடைக் கோழி கிடைத்தது. அது கம்பைத் தின்றது, கீரையைத் தின்றது, கிளிஞ்சல் தூளை மட்டும் காலால் கிளறித் தள்ளியது. அதனால் ஓடு மெலிந்து, பொழுது கசிந்தது. காலை ஒன்பது மணிக்குக் கோழிக்கூண்டைச் சுற்றி மங்கிக்கொண்டு வர, வேலையாகப் போயிருந்த காக்கைகள் வேப்பமரத்துக்குத் திரும்பிவிட்டன. பூங்கோதை கிளிஞ்சலைச் சோற்றில் பிசைந்து வைத்தாள். ஓடு கெட்டியானது.

நிறத்துக்காகச் செண்டுமல்லி இதழைக் காயவைத்துப் போட்டாள். வானம் தீப்பிடித்த மாதிரி சிவந்து, தெருக்காரர்கள் எந்தக் கோயிலில் விசேஷம் என்று கேட்டு வந்தார்கள். அதை நிறுத்திவிட்டுக் கருவாட்டுத் தூள் போட்டாள். கடற்கரைச் சாயங்காலம் வந்தது. சென்னியப்பன் அலைக்குப் பயந்து விடியும்வரை கட்டில் மேலேயே நின்றான்.

அந்த வாரம் மில்லில் அவன் நின்றபடியே நினைவு தப்பி, நூலோடு தன் சட்டையின் கையையும் சேர்த்துச் சுற்றிவிட்டான். அடுத்த தடவை கைதான் போகும் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார். பூங்கோதை கிழிந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஊசியில் நூல் கோக்காமலே இருந்தாள்.

மறுநாள் கோழியைத் திறந்துவிட்டு அதன் பின்னாலேயே சுற்றினாள். அது வேலியோரத்தில் கறையானை ஒவ்வொன்றாகக் கொத்தியது. கொத்திவிட்டுத் தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தது. யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவசரமாக அடுத்ததைக் கொத்தியது. துணையில்லாமல் தின்கிற கோழி துணையுள்ள சாயங்காலத்தை எப்படி இடும் என்று பூங்கோதைக்குப் பிடிபட்டது. அன்றிலிருந்து பானையில் சாணமும் கோணிச்சாக்கும் வைத்துக் கறையான் பிடித்துப் போட்டாள். கோழி தின்று முடிக்கும்வரை எழுந்திருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்கவில்லை.

பதினோராம் நாள் இட்ட முட்டை கையில் கனத்தது. காலை பத்து மணிக்குச் சென்னியப்பனைச் சமையலறையில் உட்காரவைத்து, கிண்ணத்தில் உடைத்தாள். மஞ்சள் கரு உடையாமல் உருண்டையாக நின்றது. பிறகு மெதுவாகத் தாழ்ந்தது.

மண் நனைந்த வாசம் எழுந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு அவள் பாதம்வரை வந்தது. யாரோ தூரத்தில் மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சென்னியப்பனின் கால்கள் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பின, பிறகு மடங்கிக்கொண்டன.

"ஏனம்மிணி, உனக்கு எப்ப நரைச்சுது?"

"அது ஆச்சுங்க, நாலஞ்சு வருசம்."

"காலையில பாத்தா உனக்கு வேலை செய்யற மூஞ்சிதான் இருக்கும். இந்த மூஞ்சி இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றாள் பூங்கோதை. டீ போட எழுந்தவளை அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் அடங்கும்போது அவன் பெரிதாகக் கொட்டாவி விட்டான். அவள் பாயை விரித்து முடிப்பதற்குள் தரையிலேயே தூங்கிப்போனான்.

அன்றும் மறுநாளும் எழவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், அவன் ஓட்டும் நூற்பு மிஷின் மில்லிலிருந்து நடந்தே வந்து வாசலில் நின்றது. உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. பதினோரு வருடமாக அதுவும் சாயங்காலத்தைப் பார்த்ததில்லை.

"தூங்கறாருங்க" என்றாள் பூங்கோதை.

மிஷின் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, சத்தம் வராமல் உள்ளே போய், அவனுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டது. பூங்கோதை அதன் மேல் ஒரு போர்வையை இழுத்துவிட்டாள். நீளம் போதவில்லை. இன்னொன்றை எடுக்க பீரோவைத் திறந்தாள்.