அழத் தெரியாத பேய்

பாலிஷ் பெரியப்பாவுக்குப் பேய்க்கதை சொல்வதென்றால் தனிக் குஷி. அவர் பாலிஷ் போடும் மரச்சாமான் பட்டறையில் வார்னிஷ் காயும் நேரத்தில் தம்பியின் மூன்று பிள்ளைகளையும் உட்காரவைத்து அளந்துவிடுவார். குரல்திருடிப் பேய் அவருடைய சொந்தச் சரக்கு.

"உங்கம்மா குரல்ல கூப்பிடும். என் குரல்லகூடக் கூப்பிடும். பதில் சொன்னீங்க, போச்சு! மூச்சு விடக்கூடாது."

"அப்போ நெசமாவே நீங்க கூப்பிட்டா?" என்றாள் கடைக்குட்டி வாண்டு.

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "அதுக்கு அழ மட்டும் வராது. கண்ணீரே கிடையாது" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தார்.

மறுநாள் மத்தியானம் மூத்தவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "பெரியப்பா, கிடங்குல கண்ணாமூச்சி ஆடினோம். வாண்டைக் காணோம்! ஏதோ அலமாரிக்குள்ள பூந்துட்டா."

அவர் கிடங்குக்கு ஓடினார். கிடங்கு முழுக்கப் புது அலமாரிகள். காற்றுப் புகாத கதவுகள். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். சாவிக்கொத்தோ வெளியே போயிருந்த முதலாளியின் பையில். போதாக்குறைக்கு உள்ளே காயாத வார்னிஷ் நெடி வேறு.

"வாண்டு! எங்கம்மா இருக்க?"

ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "நான்தாம்மா, பெரியப்பா!" ஒரு சத்தமும் வரவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சொன்ன சொல் தட்டாமல் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறாள் பாவி மகள். பாழாய்ப்போன வாய்! இல்லை, மயங்கியே விழுந்துவிட்டாளோ?

கடப்பாரையால் ஒரு கதவை நெம்பினார். காலி. அடுத்ததும் காலி. எல்லாவற்றையும் உடைத்து முடிப்பதற்குள் என்ன ஆகுமோ!

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்லடி தங்கம். எல்லாம் நான் விட்ட கதை..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். பேயும் இதையேதான் சொல்லும் என்று அவள் நினைப்பாள். கடப்பாரை கைநழுவி விழுந்தது. மூத்தவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் மறந்து, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

மூலை அலமாரிக்குள் யாரோ மெல்லத் தட்டினார்கள்.

"பெரியப்பா... நீங்க அழறீங்களா?"

பாய்ந்துபோய்க் கதவைப் பெயர்த்தார். வேர்வையில் நனைந்து, முகம் வெளிறி நின்றிருந்தாள் வாண்டு. அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் வரவில்லை. அலமாரிக்குள் நின்றபடியே ஒரு விரலால் அவர் கன்னத்தைத் தொட்டாள். விரலில் ஈரம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.