சைவப் பூனைக்கு ஒரு வீடு

1

இந்தக் கதை எனக்கு ஒரு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க பூனை சைவம்லா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். பூனை என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

அதோடு விட்டிருப்பேன். வன்னியராஜ் விடவில்லை. பாளையங்கோட்டையில் பிராணிகள் நலச் சங்கம் வைத்திருக்கிறவர். ஆண்டு மலர் போடுகிறார்களாம். "பூனையைக் கொண்டாடப் பத்து வழின்னு எழுதுங்க அண்ணாச்சி. படிச்சு முடிச்சவன் அன்னைக்கே ஒரு குட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போணும். அழ மட்டும் வச்சிராதீங்க" என்றார். பத்தெல்லாம் எனக்கு வராது. வந்தவரைக்கும் எண் போட்டிருக்கிறேன்.

2. பூனைக்குப் பெயர் வையுங்கள்

"அதிகாலைப் பனியில் தாமிரபரணி" (இப்படித் தொடங்க வேண்டாம். இந்த ஊரில் பேனா எடுத்தவன் எல்லாம் ஆற்றில் ஒரு முங்கு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான்.)

"கல்யாணம் ஆகாததால் ராஜராஜேஸ்வரி ஒரு பூனை" (என்ன புத்தி இது? கல்யாணம் ஆனவர்கள் பூனை வளர்ப்பதில்லையா?)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ராஜராஜேஸ்வரி, டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அண்ணன் சிவசண்முகம் குடும்பத்தோடு இருந்தாள். டெலிபோன் ஆபீசில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலை. நாள் பூராவும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் சண்டையையும் சாவையும் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் வாய்த்தது ஒரு செவிட்டுப் பூனை. பால் வெள்ளை. சீனி என்று பெயர். கூப்பிட்டால் கேட்காத பூனைக்குப் பெயர் எதற்கு என்று அண்ணன் கேலி செய்வார்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பித்தளை டம்ளரின் அடியால் தரையில் டொக் டொக்கென்று தட்டுவாள். அதிர்வு காலில் ஏறி, சீனி எந்த மூலையில் கிடந்தாலும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். வந்தால் தயிர்சோறு. மீன் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. தெருவே அதைச் சைவப் பூனை என்றுதான் சொன்னது. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

3. நல்ல வீடாகப் பாருங்கள்

அண்ணன் மகள் மதுமதிக்கு இளைப்பு வந்தது. பூனை முடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பூனையா பிள்ளையான்னு நான் கேக்க மாட்டேன். நீயே யோசிச்சுக்கோ" என்றார் சிவசண்முகம். கேட்காமல் கேட்பது என்றால் இதுதான். ஆனால் பிள்ளைக்கு மூச்சு வாங்குவதை ராஜராஜேஸ்வரியும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? மறுபேச்சுப் பேசவில்லை.

செவிட்டுப் பூனையைத் தெருவில் விட்டால் பிழைக்காது. நாய் வருவதும் தெரியாது, லாரி வருவதும் தெரியாது. அதனால் பெண்ணுக்கு வரன் பார்ப்பது போல வீடு பார்க்க ஆரம்பித்தாள்.

முதலில் கேட்டவள் ஜுபைதா பீவி. ஆற்றுக்கு அக்கரையில், மேலப்பாளையத்தில், தறிக்காரர் வீடு. அரபு நாட்டில், தம்மாமில் இருக்கிற மகனோடு பேச டெலிபோன் ஆபீசுக்கு வந்து வந்து பழக்கமானவள்.

"எனக்குத் தா ராசேசுவரி. எலி நூலெல்லாம் கடிச்சுப் போடுது. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுதேன்."

"அதுக்கில்லக்கா. அது சைவம்."

ஜுபைதா பீவி சிரித்துவிட்டாள். எதிரில் இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி, நீ சொன்னா சரி. புதுச் சட்டி ஒண்ணு வாங்கி வைக்கேன். அதுல தயிர்சோறு மட்டுந்தான். எங்க மீன் சட்டிப் பக்கமே விடமாட்டேன். போதுமா?"

"பாக்குதேன்க்கா."

எங்கள் பக்கத்தில் 'பார்க்கிறேன்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது ஜுபைதா பீவிக்கும் தெரியும்.

(இந்த இடத்தில் ராஜராஜேஸ்வரியின் கையைப் பிடித்து நிறுத்த எனக்கு ஆசைதான். எழுதுகிறவன் நினைத்தால் முடியாதா என்பீர்கள். எழுதிப் பார்த்தேன். "சரிக்கா, வச்சுக்கிடுங்க" என்று அவள் வாயில் போட்டேன். அவள் அதைச் சொல்கிற ஆளே இல்லை.)

சீனி போனது மேலத் தெரு ஞானசம்பந்தன் வீட்டுக்கு. மீன்காரி அந்த வாசலில் நின்று மூச்சு வாங்கக்கூட மாட்டாள், அவ்வளவு சுத்தம். "தாராளமா விட்டுட்டுப் போம்மா. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்துட்டுப் போகுது" என்றார். என்ன சோறு, எத்தனை வேளை, தயிர் புளித்தால் தொடாது, எல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பெண்ணுக்குக் குறை இருந்தால் வரன் வீட்டில் சொல்லுவார்களா? செவிடு என்று சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயம். டம்ளரையும் கொடுக்காமல் வந்துவிட்டாள்.

4. கொடுத்த பிறகு போய்ப் பாருங்கள்

போனாள். சீனி இல்லை.

முதல் பிரதியில் ஞானசம்பந்தனை உருட்டுக் கண்ணும் குரூரச் சிரிப்புமாக வரைந்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். மனுஷன் நாற்காலி எடுத்துப் போட்டு, காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"திமிரு பிடிச்ச பூனையால்லா இருக்கு, தாயி. சூன்னு விரட்டுனா நகர மாட்டேங்கு. காலுக்குள்ளயே கெடக்கு. எங்க வீட்டுல தடுக்கி விழுந்து இடுப்பப் பிடிச்சுட்டுக் கெடக்கா. அதான் அக்கரையில விட்டுட்டேன்."

"அக்கரையிலயா?"

"பாவமெல்லாம் பண்ணலம்மா. சாக்குல போட்டு, பாலத்தைக் கடந்து, கொக்கிரகுளம் ஆத்தோரமா பைய எறக்கி விட்டேன். நாலு மீனு பொறுக்கித் தின்னு பொழச்சுக்கிடும்."

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் ஊரில் பூனையைக் கொல்ல மாட்டோம். மகா பாவம். வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றைக் கடத்தி விட்டுவிடுவோம். தண்ணீரைத் தாண்டினால் அதற்கு வழி மறந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அக்கரைக்காரர்களும் தங்கள் பூனையை இக்கரையில் கொண்டுவந்து விடுகிறார்கள். யாருக்கும் பாவம் இல்லை.)

"அதுக்குக் காது கேக்காது" என்றாள் ராஜராஜேஸ்வரி.

"முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லாம்மா" என்றார். நியாயமான கேள்வி. காப்பி ஆறிப் போயிற்று.

5. மழைக்காலத்தில் பூனைகளை

இந்த வழியை முடிக்கப் போவதில்லை. அது தொண்ணூற்றிரண்டு ஐப்பசி. சாக்குப் பை ஆற்றைக் கடந்த மறுநாளே மழை பிடித்தது. அப்புறம் வந்த வெள்ளத்தை இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கொக்கிரகுளம் கரையில் எது எங்கே இருந்தது என்றே தெரியாமல் போனது. மனுஷர்களே போனார்கள். அந்த நேரத்தில் ஒரு பூனைக்காக அழுதால் ஊர் சிரிக்கும் என்று ராஜராஜேஸ்வரி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். மதுமதிக்கு மூச்சு சீராகிவிட்டது. அதற்குச் சந்தோஷப்படவும் செய்தாள். இரண்டும் ஒரே நெஞ்சில்தான் கிடந்தன.

6. தேடுங்கள்

தண்ணீர் வடிந்ததும் டம்ளரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். சேறும் சகதியுமான கரையில் குனிந்து தட்டினாள். சேற்றில் தட்டினால் என்ன அதிரும்? கல் கிடந்த இடமாகப் பார்த்துத் தட்டினாள். "எம்மா, என்னத்தத் தொலைச்சிய?" என்று கேட்டவர்களிடம், "ஒண்ணுமில்ல" என்றாள். தட்டித் தட்டி மேலப்பாளையம் வந்துவிட்டாள்.

ஜுபைதா பீவி வீட்டில் தறிக்குழித் தண்ணீரை இறைத்துவிட்டு அன்றுதான் நெசவைத் தொடங்கியிருந்தார்கள். வாசல் ஓரத்தில் ஒரு புதுச் சட்டி இருந்தது. 'பார்க்கிறேன்' என்று சொன்ன அன்றைக்கே வாங்கியதாம்.

"கொக்கிரகுளத்துல விட்டுட்டாவன்னு ஆபீசுல சொன்னாவ. அதான் தெனமும் தயிர்சோறு வைக்கேன். காலையில சட்டி காலியா இருக்கு. வெள்ளையா ஒண்ணு சந்து முனையில நின்னுச்சு, ஒரு நாள். வெள்ளத்துக்குப் பொறவு எத்தனையோ பூனை வருது, ராசேசுவரி. எதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

7

வன்னியராஜுக்காக ஒரு முடிவு எழுதினேன்: தறி மிதிக்கிற அதிர்வு தரைக்குள் ஓடி, யாரோ தட்டிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சீனி அந்தச் சந்துக்கு (இங்கே நிறுத்திவிட்டேன். நம்ப அவ்வளவு ஆசையாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

இன்னொரு முடிவு ஆற்றோரத்தில், சரிந்த வாழைக்கு அடியில் இருக்கிறது. அதை எழுத மாட்டேன். அதற்கு என் கை வராது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. மறு வாரம் மேலப்பாளையம் சந்தையில் ராஜராஜேஸ்வரி ஒரு மீன்காரியின் முன்னால் நின்றாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. என்ன மீன் என்று கேட்கத் தெரியாமல், "பூனை திங்குற மாதிரி ஒண்ணு" என்றாள். பொட்டலத்தை வாங்கி, தன் கையாலேயே பிரித்து, அந்தப் புதுச் சட்டியில் போட்டாள்.

"தயிர்சோத்துக்குன்னுல்லா அந்தச் சட்டிய வச்சேன்" என்றாள் ஜுபைதா பீவி.

"என்னத்தையும் தின்னுட்டுப் போகட்டும்க்கா. உசிரோட வந்தாப் போதும்."

வாசலில் உட்கார்ந்து டம்ளரை எடுத்தாள். உள்ளே தறி தடதடத்துக்கொண்டிருந்தது. தரை பூராவும் அதே அதிர்வு.

"தறியக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கக்கா. நான் தட்டுதது அதுக்குத் தெரியாது."

ஜுபைதா பீவி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். தறி நின்றது.

வாசகரே, சந்து முனையைப் பார்த்துக்கொள்வது இனி உங்கள் வேலை. என்ன வருகிறது, வருகிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவள் தட்ட ஆரம்பித்துவிட்டாள். நானும் நிறுத்திக்கொள்கிறேன்.